கோலாலம்பூரில் முதல் கிறிஸ்துமஸ்: நவம்பரிலிருந்து ஜனவரி வரை செலவுக் கணக்கு

தனிக்குடித்தனம் வந்து முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களுக்கும், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே முதல் டிசம்பரைப் பார்க்கிறவர்களுக்கும் எழுதியது இது. பண்டிகையைச் சுருக்கச் சொல்லவில்லை. எந்தச் செலவு எந்தத் தேதியில் வரும், எங்கே காசு கூடுதலாகப் போகும், எந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது முன்னாடியே தெரிந்தால், பிப்ரவரி முழுக்கத் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கணக்குகள் கோலாலம்பூரை வைத்துப் போட்டவை. பினாங்கில் மாறுகிற இடங்கள் ஆங்காங்கே இருக்கின்றன.

1. ஜனவரிச் செலவை முதலில் எழுதுங்கள்

எல்லாரும் டிசம்பர் பட்டியலில் ஆரம்பிப்பார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கும். ஒரு தாளில் முதலில் ஜனவரியை எழுதுங்கள்: வீட்டு வாடகை, கார் தவணை, மின்சாரம், தண்ணீர், அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம். பிள்ளைகள் இருந்தால் பள்ளிச் சீருடை, காலணி, பள்ளி வேன் கட்டணம், டியூஷன் முன்பணம். 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்கே வந்துவிட்டது. நடுவில் சில ஆண்டுகள் பள்ளி தள்ளித் தொடங்கியதால் பலருக்கு இந்தச் செலவு மறந்தே போயிருக்கும். சொந்த வீடு வைத்திருப்பவர்கள் மாநகர் மன்ற மதிப்பீட்டு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் அரையாண்டுத் தொகையைப் பிப்ரவரி கடைசிக்குள் கட்ட வேண்டும்.

அடுத்தது சம்பளத் தேதி. பல நிறுவனங்கள் டிசம்பர் சம்பளத்தைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே போட்டுவிடும். டிசம்பர் 20-ல் சம்பளம் வந்தால் ஜனவரி 31 வரைக்கும் 42 நாள். சாதாரணமாக ஒரு சம்பளம் 30, 31 நாள்தான் தாங்க வேண்டும். கூடுதலாக வரும் 11 நாளுக்கு, நாளைக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலும் 440 வெள்ளி வேண்டும். இந்த 440 எங்கேயும் காணாமல் போகவில்லை, நவம்பர் சம்பளத்தில்தான் இருந்தது. டிசம்பர் 20-ல் புதுச் சம்பளம் விழுந்ததும் இரண்டும் ஒரே கணக்கில் கலந்து, கை நிறையக் காசு இருப்பது போலத் தெரியும்.

அதனால் சம்பளம் விழுந்த அன்றே ஜனவரித் தொகை முழுவதையும் வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். 5,000 வெள்ளி வரைக்கும் டுயிட்நவ் (வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி) வழி அனுப்பக் கட்டணம் இல்லை. அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டை பணப்பையில் இருக்கக் கூடாது. மிச்சம் இருப்பதுதான் உங்கள் கிறிஸ்துமஸ் பணம்.

2. போனஸைக் கைக்கு வரும் தொகையாகப் பாருங்கள்

'ஒரு மாத போனஸ்' என்று கடிதம் வந்ததும் முழுச் சம்பளத்தையும் மனத்தில் செலவழித்துவிடுவார்கள். போனஸுக்கும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிப்பு உண்டு. 3,500 வெள்ளி போனஸ் என்றால் 11 விழுக்காடு, அதாவது 385 வெள்ளி, அப்போதே போய்விடும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடிக்க மாட்டார்கள். ஆனால் மாதாந்திர வருமான வரிப் பிடித்தம் வழக்கமான மாதத்தைவிடக் கூடலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2025 அக்டோபர் முதல் இபிஎஃப் 2 விழுக்காடு. ஆண்டின் நடுவில் வந்து அந்த ஆண்டில் 182 நாள் நிறையாதவர்களுக்குப் பெரும்பாலும் 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள். சம்பளச் சீட்டு கைக்கு வரும்வரை எதற்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

3. பட்டியலில் விட்டுப்போகும் செலவுகள்

துணி, சாப்பாடு, பரிசு மூன்றையும் யாரும் மறப்பதில்லை. மறப்பது இவற்றை:

கேரல் குழு. டிசம்பர் தொடங்கியதும் சபையிலிருந்து இரவு நேரத்தில் வீடு வீடாகப் பாட வருவார்கள். இருபது முப்பது பேர் வருவதும் உண்டு. பானம், பலகாரம், ஒரு காணிக்கை உறை தயாராக இருக்க வேண்டும். எந்தத் தேதியில் உங்கள் வட்டாரம் என்று சபைச் செயலாளரிடம் முன்பே கேட்டு வையுங்கள். கடைசி நேரத்தில் பெட்ரோல் நிலையக் கடையில் பிஸ்கட்டும் பானமும் வாங்கினால் பேரங்காடி விலையைவிட நன்றாகவே கூடும்.

பரிசுப் பரிமாற்றம். அலுவலகத்தில் ஒன்று, இளையோர் குழுவில் ஒன்று, குடும்பத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் 30 வெள்ளி என்று வைத்தாலே 90. விலை வரம்பை முதலிலேயே பேசிவிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், மற்றவர்களும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருப்பார்கள்.

அங்பாவ் (உறையில் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்புப் பணம்). அடுக்குமாடிக் காவலாளி, குப்பை எடுப்பவர், வீட்டுக்கு வரும் பிள்ளைகள். புதுத் தாள்களுக்கு டிசம்பர் 20-க்கு முன்பே வங்கிக்குப் போங்கள்.

நள்ளிரவு ஆராதனை. ஆராதனை முடியும்போது ரயில் இருக்காது. அந்த நேரத்தில் கிராப் வாடகைக் கார் கட்டணமும் ஏறிக்கிடக்கும். பக்கத்து வீட்டாரோடு காரில் வர ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், பெட்ரோல் காசைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஊருக்கு அனுப்பும் பணம். தமிழ்நாட்டில் அப்பா அம்மாவுக்கு அனுப்புகிறவர்கள் டிசம்பர் 15-க்குள் அனுப்பிவிடுவது நல்லது. 'கட்டணம் இல்லை' என்று சொல்லும் நிறுவனம் மாற்று விகிதத்தில் அதை எடுத்துக்கொள்ளும். 1,000 வெள்ளி கட்டினால் அங்கே எத்தனை ரூபாய் கிடைக்கும் என்ற ஒரே கேள்வியை இரண்டு மூன்று இடத்தில் கேட்டு ஒப்பிடுங்கள்.

ஒரு சிறு குடும்பத்துக்கு மாதிரியாக 1,500 வெள்ளிக் கணக்கு: சாப்பாட்டுக்கு 500, துணிக்கு 350, பரிசுக்கு 300, காணிக்கையும் கேரலும் 150, போக்குவரத்து 100, அவசரத்துக்கு 100. தொகை உங்கள் வசதிப்படி மாறலாம், ஆனால் கடைசி 100-ஐ மட்டும் அழிக்காதீர்கள். யாராவது ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நான்கு பேரோடு சாப்பிட வந்து நிற்பார்.

4. எதை எப்போது வாங்குவது

நவம்பர்: தீபாவளி முடிந்த கையோடு பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா கடைகளில் மிச்சமிருக்கும் சேலை, பஞ்சாபி உடை, ஜிப்பாவுக்குக் கழிவு (தள்ளுபடி) கிடைக்கும். டிசம்பரில் அதே கடையில் அதே துணி கழிவில்லாமல் தொங்கலாம். அளவு கிடைக்காமல் போகும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல், பெரியவர்களுக்கான அளவு முதலில் தீரும். ரவிக்கை தைக்கக் கொடுப்பதானால் நவம்பர் கடைசிக்குள் கொடுத்து, எடுக்கும் தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 'கிறிஸ்துமஸுக்கு முன்னாடி' என்று வாய்ச்சொல்லில் விட்டால் 24-ஆம் தேதி இரவு தையல்கடை வாசலில் நிற்பீர்கள்.

பிள்ளைகளுக்குச் சாதாரண உடைகள் என்றால் கெனாங்கா மொத்த விற்பனை வளாகம் மலிவு. பல கடைகளில் மூன்று உருப்படிக்கு மேல் எடுத்தால்தான் மொத்த விலை. போட்டுப் பார்க்க இடம் இருக்காது, மாற்றியும் தர மாட்டார்கள். அளவு நாடா கொண்டுபோங்கள். பினாங்கில் லெபோ பசார் பக்கத்து லிட்டில் இந்தியாவும் சௌராஸ்தா சந்தையும் இதே வேலைக்கு உதவும். ஜார்ஜ்டவுனுக்குள் இலவச கேட் பேருந்து ஓடுவதால் காரை ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போகலாம்.

கேக் சாமான்களும் நவம்பரிலேயே. வீட்டில் பழக் கேக் செய்கிறவர்கள் எப்படியும் பழத்தை முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். 1 கிலோ 'மிக்ஸ்டு புரூட்' பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பல பொட்டலங்களில் நிறமேற்றிய பப்பாளித் துண்டும் தோலும்தான் பாதி இடத்தை அடைத்திருக்கும். கிஸ்மிஸ், கறுப்புத் திராட்சை, செர்ரி என்று தனித்தனியாக நிறுத்து வாங்கினால் அதே காசுக்கு நல்ல பழம் கிடைக்கும். வெண்ணெயில் இன்னொரு தந்திரம்: பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் கட்டிகளில் ஒன்று 250 கிராம், ஒன்று 227, ஒன்று 200. மூன்றும் பார்வைக்கு ஒரே அளவு. விலைச்சீட்டில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள். வெண்ணெயை உறைபெட்டியில் வைத்தால் கிறிஸ்துமஸ்வரை தாராளமாகத் தாங்கும். 250 கிராம் வெண்ணெய், 250 கிராம் சீனி, 250 கிராம் மாவு, 5 முட்டை, 500 கிராம் பழம் சேர்த்தால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கேக் வரும். இந்த அளவை வைத்து உங்கள் செலவைப் போட்டு, பேக்கரி விலையோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு கேக் என்றால் பேக்கரியில் வாங்குவதே லாபம். நான்குக்கு மேல் என்றால் வீட்டில் செய்யலாம்.

டிசம்பர் முதல் பாதி: இணைய வாங்கலுக்கு 12.12-ஐ (டிசம்பர் 12 மலிவு விற்பனை) நம்பிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கு ஆர்டர் குவிவதால் பொருள் தாமதமாகும். வெளிநாட்டிலிருந்து வரும் பொருளை நவம்பரின் 11.11 விற்பனையிலேயே முடித்துவிடுங்கள்.

டிசம்பர் 20 முதல் 24 வரை: இறைச்சி, காய்கறி, பூ, பால் மட்டும். ஆட்டிறைச்சிக்குக் கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்து, எலும்போடு கிலோ என்ன விலை, எலும்பில்லாமல் என்ன விலை என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

டிசம்பர் 26-க்குப் பிறகு: மரம், விளக்கு, தோரணம், சுற்றும் காகிதம். இவற்றை அடுத்த வருடத்துக்கு இப்போது வாங்குவதுதான் புத்தி. வைக்க இடமில்லாத அடுக்குமாடி வீடு என்றால் நான்கடி மரத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

5. கடன் அட்டையும் 'பிறகு செலுத்து' வசதியும்

பண்டிகைக் காசு அதிகமாகக் கரையும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

கடன் அட்டையில் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை பொதுவாக நிலுவையில் 5 விழுக்காடு. வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை. 12 மாதமும் தவறாமல் கட்டியவர்களுக்கு 15 ஆகக் குறையும். 2,000 வெள்ளிக்குக் கிறிஸ்துமஸ் சாமான் வாங்கி, குறைந்தபட்சமாக 100 வெள்ளி மட்டும் கட்டினால், அதில் ஏறக்குறைய 30 வெள்ளி வட்டிக்கே போய்விடும். கடன் குறைவது 70 வெள்ளிதான். தேதி தவறினால் தாமதக் கட்டணம் தனி: நிலுவையில் 1 விழுக்காடு அல்லது 10 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது, உச்சம் 100 வெள்ளி.

பலருக்குத் தெரியாதது வேறு. 20 நாள் வட்டியில்லாத அவகாசம் என்பது முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவர்களுக்கு மட்டும். தீபாவளி நிலுவை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், கிறிஸ்துமஸுக்கு வாங்கும் பொருளுக்கு, வாங்கியது கணக்கில் பதிவான நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே நவம்பர் பில்லை முழுதாக அடைக்க முடியாவிட்டால் டிசம்பரில் அந்த அட்டையை வெளியே எடுக்காதீர்கள்.

பில் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பில் மாதம் 22-ஆம் தேதி முடிகிறது என்று வைப்போம். டிசம்பர் 21-ல் கணக்கில் ஏறியதற்கு ஜனவரி 11-க்குள் கட்ட வேண்டும். டிசம்பர் 23-ல் ஏறியது ஜனவரி 22 பில்லில்தான் வரும், பிப்ரவரி 11 வரைக்கும் அவகாசம். இரண்டு நாளில் ஒரு மாத வித்தியாசம். பணம் கையில் இருப்பவருக்கு இது வசதி. இல்லாதவருக்கு கடனை ஒரு மாதம் மறைத்துவைக்கும் வேலைதான், சீனப் புத்தாண்டு நெருங்கும்போது பில் வந்து நிற்கும்.

கடன் அட்டையில் ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணம்.

'பிறகு செலுத்து' வசதிகளில் வட்டியில்லாத மூன்று தவணை இருக்கும், ஆறு, பன்னிரண்டு தவணைக்குக் கட்டணம் இருக்கும். மாதம் 1.5 விழுக்காடு என்று போட்டிருந்தால் சின்னதாகத் தெரியும். 600 வெள்ளிப் பொருளை ஆறு தவணையாகப் பிரித்தால் மாதம் 100 அசல், 9 வெள்ளி கட்டணம், மொத்தம் 654. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் கட்டணம் முதல் தொகைக்கே கணக்கிடப்படுவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தொடும். கடன் அட்டையைவிட அதிகம். இரண்டு மூன்று செயலிகளில் சின்னச் சின்னதாக வாங்கிவிட்டு, எல்லாத் தவணையும் ஜனவரி முதல் வாரத்தில் விழும்போதுதான் திண்டாட்டம் தொடங்கும். வாங்கும் ஒவ்வொன்றையும் முதல் படியில் சொன்ன ஜனவரித் தாளில் அன்றே எழுதுங்கள். எழுத இடமில்லை என்றால் வாங்காதீர்கள்.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் 'உடனடிக் கடன்' எண்ணை அழைக்கவே வேண்டாம். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக் கூடாது, எழுத்து ஒப்பந்தம் தர வேண்டும், உங்கள் ஏடிஎம் அட்டையைப் பிடித்து வைக்கக் கூடாது. இதில் ஒன்று மாறினாலும் அவர் ஆலோங்தான் (சட்டவிரோத வட்டிக்காரர்). ஏற்கெனவே கடன் தலைக்கு மேல் போயிருந்தால் ஏகேபிகே (கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம்) தரும் ஆலோசனை இலவசம். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, எல்லாக் கடன்களின் கடைசி பில் ஆகியவற்றோடு போங்கள்.

6. இணையத்தில் வாங்கும்போது

வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. இது கட்டணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் சேரும். உள்நாட்டு விற்பனையாளர் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தாலும் வரியும் அனுப்பும் செலவும் சேர்த்துப் பார்த்தால் அவரே மலிவாக இருக்கலாம்.

'80 வெள்ளிக்கு வாங்கினால் 8 வெள்ளி கழிவு' என்ற கூப்பனுக்காக 62 வெள்ளிக் கூடையை 80 ஆக்காதீர்கள். 8 வெள்ளி மிச்சம் என்று நினைப்பதற்குள் 10 வெள்ளி கூடுதலாகப் போயிருக்கும்.

டிசம்பரில் 'உங்கள் பார்சல் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, 4 வெள்ளி கட்டுங்கள்' என்ற செய்தி எல்லாருக்கும் வரும். நிஜமாகவே பார்சலுக்குக் காத்திருக்கும் நேரம் என்பதால் யோசிக்காமல் அழுத்திவிடுவார்கள். இணைப்பைத் தொடாதீர்கள், நீங்கள் பொருள் வாங்கிய செயலிக்குள் போய் நிலவரம் பாருங்கள். மோசடிக்காரர்கள் அனுப்பும் எந்தச் செயலிக் கோப்பையும் கைப்பேசியில் ஏற்றக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் அழையுங்கள். தெரியாதவருக்குப் பணம் அனுப்புமுன் அவருடைய வங்கி எண்ணைக் காவல்துறையின் செமாக் மூலே தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

7. கடையிலும் ஓட்டலிலும்

அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை என்பது மலிவு விற்பனைக் காலத்தில் சகஜம். அலமாரி விலைச்சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும். பண்டிகைக் கால உச்சவரம்பு விலைத் திட்டம் அறிவிக்கப்பட்டால் அந்தப் பொருள்களுக்கு இளஞ்சிவப்பு விலைச்சீட்டு இருக்கும். பட்டியலையும் தேதியையும் உள்நாட்டு வாணிப அமைச்சு முன்னாடியே வெளியிடும்.

விளக்குத் தோரணம் வாங்கினால் சிரிம் (தரச் சான்று) முத்திரையும் மூன்று முனைப் பிளக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கும் இரண்டு முனைத் தோரணம் மலிவுதான், இரவு முழுக்க எரியவிட்டுத் தூங்கும் பொருள் அது இல்லை.

ஓட்டல் விருந்துக்கு '150++' என்றால் 150 வெள்ளி இல்லை. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, உணவுக்கான சேவை வரி 6 விழுக்காடு சேர்ந்து ஆளுக்கு 174 ஆகும். நான்கு பேருக்கு 96 வெள்ளி கூடுதல். 'நெட்' என்று போட்டிருந்தால் மட்டுமே போட்ட விலை.

8. எந்த ரசீதை வைத்துக்கொள்வது

வாங்கும்போதே இரண்டு உறை வையுங்கள். ஒன்றில் பரிசுப் பொருள் ரசீதுகள். மாற்றித் தரும் அவகாசம் கடைக்குக் கடை மாறும், 7 நாள் என்றால் டிசம்பர் 10-ல் வாங்கிய சட்டையை 25-ல் பிரித்துப் பார்த்துவிட்டு மாற்ற முடியாது. பரிசு என்று சொல்லி, மாற்றும் தேதியை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெப்பத்தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றில் வருமான வரிக்கானவை. புத்தகம், கணினி, கைப்பேசி, டேப்லெட் போன்றவற்றுக்கு வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளி வரை உண்டு. உங்களுக்கோ கணவன் மனைவிக்கோ பிள்ளைக்கோ வாங்கியதாக இருக்க வேண்டும், அக்காள் மகனுக்கு வாங்கியது சேராது. டிசம்பர் 31-க்குள் வாங்கியிருந்தால்தான் அந்த ஆண்டுக் கணக்கு. மகளுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுக்க முடிவு செய்துவிட்டால், இந்த ஆண்டு வரம்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, டிசம்பரா ஜனவரியா என்று தீர்மானியுங்கள். ரசீதை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வரிக்கழிவு, அந்த அமைப்பு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருந்தால் மட்டுமே.

9. பொருள் பழுதானால்

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர் மாற்றித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பழுதான பொருளுக்கு 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை எந்தப் பலகையாலும் பறிக்க முடியாது.

முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். பதில் இல்லாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. 1-ஆம் எண் பாரத்தோடு (மனுப் படிவம்) ரசீது, பொருளின் படம், உத்தரவாத அட்டை, கடையோடு நடந்த உரையாடலின் படங்கள் வேண்டும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிய அன்றே போட்டிருக்க வேண்டும், பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். பாரத்தில் எதிராளி பெயரைக் கடைப் பலகையைப் பார்த்து எழுதாதீர்கள். பலகையில் ஒரு பெயரும் பதிவில் வேறு பெயரும் இருப்பது நிறைய. ரசீதின் மேலே சின்ன எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே எழுதுங்கள்.